நகத்தில் இருந்த மருதாணி

நேயர்களுக்கு வணக்கம். உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தே ஓய்வுபெற்றவன் நான். டிசெக்‌ஷன் ஹாலில், அதாவது இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கும் கூடத்தில், மருத்துவம் படிக்க வரும் பிள்ளைகள் படும் பாட்டைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

கதவைத் திறந்ததுமே, உடல் கெடாமலிருக்கப் போடும் ஃபார்மலின் மருந்தின் நெடி. வெங்காயம் நறுக்கும்போது கண் எரியுமே, அதைவிட எரியும். வருகிற கண்ணீர் நெடியாலா, அழுகையாலா என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது. சிலர் மயங்கி விழுவார்கள். அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கும். மனம் கலங்கும்போது நாடியும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும். மூளைக்கு ரத்தம் குறையும். காலை வழிபாட்டில் பள்ளிப்பிள்ளைகள் சுருண்டு விழுவதும் ஏறக்குறைய இப்படித்தான். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் தெளிந்துவிடும். பெற்றவர்களுக்குச் சொல்கிறேன்: இது கோழைத்தனம் இல்லை. மயங்கி விழுந்த பிள்ளைகள் நல்ல டாக்டர்களாக வந்திருக்கிறார்கள்.

ஒரு மாணவி. மார்பு, அக்குள், மேல்கை என்று வாரக்கணக்கில் கலங்காமல் அறுத்தவள். உள்ளங்கைக்கு வந்தோம். அந்த மேசையில் இருந்தது ஒரு வயதான அம்மா. விரல்களை விரித்துப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நகங்களில் மருதாணி. அடிநகம் வெளுத்து, நுனியில் மட்டும் பிறைபோலச் செம்மை. "யாரோ அரைச்சு வெச்சுவிட்டிருக்காங்க சார்" என்றாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

அன்று பாடத்தை நிறுத்தினேன். எல்லோரும் ஸ்டூலில் உட்கார்ந்தோம். ஒருவனுக்கு ஒரு மாதமாகக் கறி இறங்கவில்லையாம். எத்தனை சோப்பு போட்டாலும் சோற்றில் அந்த நெடியாம் ஒருத்திக்கு. ஒரு பையன் தலைகுனிந்து, "உள்ளே வந்தாலே எனக்குப் பசிக்குது சார், நான் கெட்டவனா?" என்றான். பசிப்பது பலருக்கும் உண்டு. அதை ஒரு மாதம் மனசுக்குள் போட்டுப் புழுங்கியிருக்கிறானே, கேட்க ஆள் இல்லாமல்! அதுவரை நானும் கேட்டதில்லை.

2019-இல் வந்த மருத்துவப் பாடத்திட்டத்தில் உயிரற்ற உடலே முதல் ஆசிரியர் என்று தனிப் பகுதி இருக்கிறது. பல கல்லூரிகளில் முதல் நாள் உறுதிமொழியும் எடுக்கிறார்கள். மிக நல்லது. அதோடு அரைமணி பிள்ளைகளைப் பேசவிடுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பேசவிடுங்கள்.

உடல்தானம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதாது. காலமான பிறகு கல்லூரிக்குத் தகவல் சொல்லி ஒப்படைப்பது வீட்டார்தான். அதனால் வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள். படிவம் மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறையில் கிடைக்கும். வணக்கம்.