கலிஃபோர்னியா கஞ்சாக் கடைக்குப் போகலாமா? தேவகோட்டை ஆச்சியின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கிறார்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கேள்வியைக் கேட்டால் ஏன் என்று உங்களுக்கே தெரியும். அப்படியே சொல்கிறேன்:

“தம்பி, அடுத்த மாதம் சான் ஹோசேயில் மகன் வீட்டுக்குப் போகிறேன். போன தடவை போனபோது முழங்கால் வலி பாடாய்ப் படுத்தியது. பக்கத்து வீட்டு அமெரிக்கக்காரம்மா ஏதோ தைலம் கொடுத்தாள், தடவினேன், கொஞ்சம் கேட்டது. ஊருக்கு வந்த பிறகுதான் மருமகள் சொல்கிறாள், அது கஞ்சாத் தைலமாம். அங்கே அதற்கென்று கவர்மெண்ட் லைசென்ஸ் கடையே இருக்கிறதாம். இந்தத் தடவை கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாள் அந்தம்மா. போகலாமா? வாங்கலாமா? வரும்போது ரெண்டு டப்பா எடுத்து வரலாமா?”

ஆச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எடுத்து வரக் கூடாது. ரெண்டு டப்பா என்ன, விரலில் தொட்டு வைக்கிற அளவுகூடக் கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மற்ற ரெண்டு கேள்விக்கும் அப்படி ஒரே சொல்லில் பதில் இல்லை.

நான் காரைக்குடி செக்காலை ரோட்டில் உட்கார்ந்து விசா படிவம் நிரப்பிக் கொடுக்கிறவன். வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. ஆனால் அந்தக் கடைக்குள் ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் கடைக்கு அங்கே டிஸ்பென்சரி என்று பெயர். நமக்கு டிஸ்பென்சரி என்றால் பஞ்சாயத்து ஆஸ்பத்திரியும், கம்பவுண்டர் பாட்டிலில் ஊற்றித் தருகிற ரோஸ் கலர் மிக்சரும்தான் ஞாபகம் வரும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். 2019இல் மகள் பிரசவத்துக்காக நானும் வீட்டுக்காரியும் கலிஃபோர்னியாவில் இருந்தோம். எதிர் வீட்டில் எழுபது வயதுப் பெரியவர், ரிட்டையர்டு வாத்தியார். தோள்பட்டை வலிக்காக மாதம் ஒரு முறை அந்தக் கடைக்குப் போவார். “சும்மா வந்து பாருங்களேன்” என்றார். ஒரு வேடிக்கைக்குப் போனேன்.

வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது, கண்ணாடி முழுக்க மறைத்திருந்தது. வாசலில் ஒரு செக்யூரிட்டி. 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் ஐடி கேட்டார். என் தலை முழுக்க நரை, என்னையும் கேட்டார். பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன், மெஷினில் வைத்து எடுத்தார். உள்ளே போனால் ஒரு சின்ன அறை, அங்கே இன்னொரு முறை ஐடி. அப்புறம் ‘டிர்ர்’ என்று ஒரு சத்தம், ரெண்டாவது கதவு திறந்தது. நம் வீடுகளில் வருகிறவரை முகப்பில் உட்கார வைத்து, யார் என்ன என்று பார்த்துவிட்டுத்தானே வளவுக்குள் விடுவோம், அதே கணக்கு.

உள்ளே நகைக்கடை மாதிரி கண்ணாடிப் பெட்டிகள். மழையில் நனைந்த வைக்கோலோடு எலுமிச்சைத் தோலைக் கசக்கினால் ஒரு வாடை வருமே, அது. விற்கிறவரை பட்டெண்டர் என்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தது மூக்குத்தி போட்ட ஒரு சின்னப் பெண். ஒரு குட்டி ஜாடியை நீட்டினாள், அதன் மூடியில் பூதக்கண்ணாடி பதித்திருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தால் காய்ந்த பூவின் மேல் கற்கண்டுத் தூள் தூவியது போல மினுமினுப்பு. அதுதான் பிசின், போதை இருப்பது அதில்தான் என்றாள். நம் ஊரில் எந்தப் புடவைக் கடையிலும் அவ்வளவு பொறுமையாக எனக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை. வாத்தியாரிடம் அவள் முதலில் கேட்டது, “புகைக்கவா, சாப்பிடவா, தடவவா?” ரெண்டாவது கேள்வி, “இதற்கு முன் பழக்கம் உண்டா?” முதல் தடவை போகிறவர்கள் அந்த ரெண்டாவது கேள்விக்கு வெட்கப்படாமல் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றார் வாத்தியார்.

அவர் வாங்கியது ஒரு களிம்பு டப்பா. நம் மாத்திரை டப்பாக்கள் சிலவற்றைப் போல அழுத்தித் திருகினால்தான் திறக்கும், குழந்தை கைக்கு வராது. பக்கவாட்டில் ஒரு முக்கோணம், அதற்குள் இலையும் ஓர் ஆச்சரியக்குறியும், கீழே சிஏ என்று ரெண்டு எழுத்து. அதுதான் கலிஃபோர்னியா அரசு சொல்கிற எச்சரிக்கை முத்திரை. ஆச்சி, இந்த முக்கோணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும். விலைச் சீட்டில் 40 டாலர் என்று இருந்தது, வரி எல்லாம் ஏறி பில் 50 டாலரைத் தாண்டியது. கிரெடிட் கார்டு வாங்க மாட்டார்கள், அவர் ரொக்கமாகக் கொடுத்தார்.

ஏன் கார்டு வாங்க மாட்டார்கள் என்று வரும்போது காரில் கேட்டேன். அவர் சொன்ன பதிலில்தான் உங்கள் கேள்விக்கான விடையும் இருக்கிறது.

அமெரிக்காவில் சட்டம் ரெண்டு அடுக்கு. கலிஃபோர்னியா மாநிலம் 1996இல் மருந்துக்காக அனுமதித்தது. 2016இல் மக்கள் ஓட்டுப் போட்டு, 2018 ஜனவரி 1 முதல் 21 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் கடையில் விற்கலாம் என்று ஆனது. ஒருவர் 28.5 கிராம் வரை வைத்திருக்கலாம். அதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம், கடையே வேண்டாம் என்று தடுத்துவிட்ட நகரசபைகள் நிறைய. ஆனால் டெல்லி மாதிரி மேலே ஒரு மத்திய அரசு இருக்கிறதே, அதன் 1970ஆம் வருடச் சட்டத்தில் கஞ்சா தடைப் பட்டியலில் ஏறியது. மாநிலங்கள் திறந்து விட்டதால் அந்தச் சட்டம் போய்விடவில்லை. பெரிய கார்டு கம்பெனிகள் ஒதுங்கி நிற்பது அதனால்தான். விசா, ஏர்போர்ட், குடியுரிமை மூன்றும் மத்திய அரசின் கையில்.

அந்த வாத்தியார் அமெரிக்கக் குடிமகன். அவருக்கு அது கடை. எனக்கும் உங்களுக்கும் அதே வாசல்தான், அதே பெண் சிரித்துக்கொண்டே விற்பாள், ஆனால் நாம் நிற்பது வேறு சட்டத்தின் கீழே. விசிட்டர் விசாவில் போகிறவர், எச்-1பி வேலை விசாவில் இருக்கிறவர், கிரீன் கார்டு வைத்திருப்பவர், இவர்கள் யாருக்கும் “மாநிலத்தில் சட்டப்படி சரிதானே” என்ற பதில் செல்லாது. கஞ்சா வைத்திருந்தேன், உபயோகித்தேன் என்று குடிவரவு அதிகாரியிடம் ஒருவர் வாயால் ஒப்புக்கொண்டாலே நுழைவை மறுக்க அவர்கள் சட்டத்தில் இடம் இருக்கிறது. கோர்ட்டு, தண்டனை எதுவும் வேண்டியதில்லை. 2019இல் குடியுரிமைத் துறை இதை எழுத்தாகவே வெளியிட்டது: மாநிலம் அனுமதித்தாலும், கஞ்சா வைத்திருந்ததும் அந்தத் தொழிலில் வேலை பார்த்ததும் நன்னடத்தைக்குக் குறைவாக எடுத்துக்கொள்ளப்படலாம் என்று.

நான் தினமும் நிரப்புகிற டிஎஸ் 160 படிவத்தில் பாதுகாப்புக் கேள்விகள் என்று ஒரு பகுதி உண்டு. வரிசையாக ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று தட்டிக்கொண்டே போவோம். அதில் ஒன்று, கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள் சட்டம் எதையாவது மீறியிருக்கிறீர்களா என்பது. நம் ஆட்கள் அதைப் படிப்பதே இல்லை. “போட்டு விடுங்கள் தம்பி” என்பார்கள். அடுத்த தடவை விசா புதுப்பிக்கும்போது அந்தக் கட்டத்தில் எதைத் தட்டுவது? பொய் சொன்னால் அது தனிக் குற்றம். அதனால்தான் சொல்கிறேன், அந்தக் கட்டத்துக்கு மனசாட்சியோடு ‘இல்லை’ போடும்படி இருந்துவிட்டு வாருங்கள். போன தடவை தடவியது போதை இருக்கிற தைலமா, இல்லாததா என்று தெரியவில்லை. தெரியாமல் தடவியதுதான். இருந்தாலும் அடுத்த விசா விண்ணப்பம் போடுவதற்கு முன் அங்கேயே ஒரு குடிவரவு வக்கீலிடம் மகனை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

ஆக, போகலாமா என்றால், உள்ளே நுழைந்து பார்ப்பது மட்டும் குற்றம் இல்லை. ஆனால் பாஸ்போர்ட்டை அங்கே கொண்டுபோய் ஏன் மெஷினில் வைக்க வேண்டும்? நான் வைத்தேன், இன்று என்றால் வைக்க மாட்டேன். வாசலில் நின்று செல்ஃபி எடுத்து குடும்ப குரூப்பில் போடுவது இன்னும் மோசம், ஏர்போர்ட்டில் போனைத் திறந்து பார்க்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. வாங்கலாமா என்றால், வேண்டாம்.

அதற்காக முழங்காலை விட்டுவிடச் சொல்லவில்லை. அந்தச் செடியில் டிஎச்சி என்பது போதை தருவது, சிபிடி என்பது போதை தராதது. டிஎச்சி 0.3 சதவீதத்துக்கு மேல் இல்லாத ரகத்தை ஹெம்ப் என்று பிரித்து, 2018இல் அமெரிக்க மத்திய அரசே தடையிலிருந்து எடுத்துவிட்டது. அதில் செய்த சிபிடி தைலம் சாதாரண மருந்துக் கடைகளிலேயே கிடைக்கும். டிஎச்சி சுத்தமாக இல்லை என்று பரிசோதனைச் சீட்டோடு போட்டிருப்பதாக மகனைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். முக்கோணம் இருந்தால் தொட வேண்டாம். மூட்டு வலிக்கு அது கேட்கும் என்பதற்கு ஆதாரம் இன்னும் பலமாக இல்லை. போன தடவை உங்களுக்குக் கேட்டதில் பாதி அந்தம்மாவின் அன்பாகக்கூட இருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சிபிடியை வாய்வழியாக எடுத்தால் மாத்திரையின் வேகம் கூடிவிடும், டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

சாப்பிடுகிற வகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வயதானவர்கள் மாட்டிக்கொள்வது அதில்தான். கம்மி என்று ஜவ்வு மிட்டாய், சாக்லேட், பிஸ்கட் எல்லாம் வரும். கலிஃபோர்னியாவில் ஒரு துண்டுக்கு 10 மில்லிகிராம் டிஎச்சிக்கு மேல் கூடாது, பாக்கெட்டுக்கு 100 தான் உச்சம். பழகாதவருக்கு அந்த ஒரு துண்டே அதிகம். புகை என்றால் நிமிடங்களில் தெரிந்துவிடும். சாப்பிட்டால் அரை மணியிலிருந்து ரெண்டு மணி நேரம் ஆகும், ஈரல் அதை இன்னும் வீரியமான பொருளாக மாற்றி அனுப்பும்.

எனக்குத் தெரிந்த புதுவயல்காரர் ஒருவர், மகன் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த ஆரஞ்சு மிட்டாயை மத்தியானம் ஒன்று வாயில் போட்டார். பையனோடு தங்கியிருந்த நண்பன் வைத்தது. ருசியாக இருக்கிறதே என்று இன்னொன்று. அரை மணி கழித்து, டீயோடு மூன்றாவது. ஐந்து மணிக்கு நெஞ்சு படபடக்கிறது, சுவர் நகர்கிறது, தனக்கு உயிர் போகப்போகிறது என்று மனைவியிடம் லாக்கர் சாவி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லத் தொடங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்க வைத்து அனுப்பினார்கள். இப்போது அந்தக் கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்கிறார், பில் தொகையை மட்டும் சொல்வதில்லை. ஃப்ரிட்ஜில் முக்கோணம் போட்ட பொட்டலம் இருக்கிறதா என்று போன அன்றே பாருங்கள். பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் கட்டாயம். தெரியாமல் யாராவது தின்றுவிட்டால் அமெரிக்கா முழுவதற்கும் விஷமுறிவு ஆலோசனை எண் 1-800-222-1222, இலவசம். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ என்றால் 911.

சரி, எடுத்து வரும் விஷயம். நம் ஊரில் 1985இல் வந்த என்.டி.பி.எஸ் என்கிற போதைப்பொருள் தடுப்புச் சட்டம்தான் இதை ஆள்கிறது. அதற்கு முன் லைசென்ஸ் கஞ்சாக் கடை இந்த நாட்டிலும் இருந்ததுதான். வெள்ளைக்காரன் இதை ஆராய ஒரு கமிஷனே போட்டு 1894இல் ஏழு தொகுதி அறிக்கை எழுதி வைத்தான், அது பழைய கதை. இன்று கஞ்சா ஒரு கிலோவுக்குள் இருந்தாலும் ஒரு வருடம் வரை சிறை உண்டு, 20 கிலோவுக்கு மேல் குறைந்தது 10 வருடம். பிசினுக்கு வரம்பு இன்னும் சின்னது: ஒரு கிலோவுக்குப் பதில் 100 கிராம், 20 கிலோவுக்குப் பதில் ஒரு கிலோ. தைலத்தில் மருந்து துளிதானே இருக்கிறது என்றும் வாதாட முடியாது. கலவையாக இருந்தால் மொத்த எடையையும் சேர்த்துத்தான் கணக்கு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிங்கப்பூர் வழியாகத் திருச்சிக்கு டிக்கெட் போட்டிருந்தால் நடுவில் அந்த ஊர்ச் சட்டமும் இருக்கிறது. 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை என்று வைத்திருக்கிற நாடு, ட்ரான்சிட் பயணி என்று பார்க்க மாட்டார்கள். அங்கே வாங்கிய சிபிடி தைலத்தையும் மிச்சம் இருந்தால் மகன் வீட்டு அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். சோதிக்கிற அதிகாரிக்கு ஹெம்ப் எது, கஞ்சா எது என்று கண்ணால் பார்த்துத் தெரியாது, ஆய்வகத்திலிருந்து பதில் வருகிற வரை காத்திருப்பது நீங்கள்.

ஒரு விஷயம் ஆச்சி. பெட்டியை நீங்களே கட்டுங்கள். போன வருடம் ஒருவர், அங்கே பக்கத்து வீட்டில் அன்பாகத் திணித்த பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கொண்டுவந்து, இங்கே என் கடையில் வந்து “இது என்ன தம்பி” என்று மேசை மேல் வைத்தார். முக்கோணம் இல்லை, வெறும் லாவெண்டர் சோப்புதான். ஆனால் அதை முகர்ந்து பார்க்கிற வரை எனக்குக் கை நடுங்கியது.

அடுத்த கேள்வி பள்ளத்தூரிலிருந்து, பத்து வருட விசா இருக்கிற பழைய பாஸ்போர்ட் முடிந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். அதைப் பார்ப்போம்.