ஓசி சிடியும் ஷெஃபீல்டு சனமும்: பட்டிமன்றத்துல நான் பேசினது

நடுவர் அம்மாவுக்கும் எதிரணி நண்பர்களுக்கும், சனிக்கிழமை மத்தியானத் தூக்கத்த விட்டுட்டு வந்து உக்காந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். குடுத்திருக்கிறது எட்டு நிமிஷம், அதனால வணக்கம் அவ்வளவுதான்.

தலைப்பு என்ன? "ஆர்க்டிக் மங்கீஸ் பேண்டை உயர்த்தியது இணையமா, ஊர் சனமா?" நான் ஊர் சனம்னு பேச வந்திருக்கேன். எழுதி எடுத்துட்டு வந்ததும் நாலு பக்கம் இருக்கு. ஆனா எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன் ஒரு வார்த்தை சொன்னாரு பாருங்க, நீங்களும் கைதட்டுனீங்க, அதுக்கப்புறம் அந்த நாலு பக்கத்தையும் மடிச்சு பாக்கெட்ல வச்சிட்டேன். என்ன சொன்னாரு? "ஓசில குடுத்தா நம்மாளு பினாயிலக் கூட குடிப்பான், ஷெஃபீல்டுக்காரன் மட்டும் என்ன விதிவிலக்கா, சிடியும் ஓசி டவுன்லோடும் ஓசி, அதான் கூட்டம் சேந்துச்சு"ன்னாரு.

வர்றேன் அண்ணே, பினாயிலுக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி அந்தப் பசங்க யாருன்னு தெரியாதவங்க இங்க இருப்பாங்க, அவங்களுக்கு ரெண்டு நிமிஷம்.

ஷெஃபீல்டு, இங்கிலாந்துல இரும்பும் எஃகும் செஞ்ச ஊரு. அதோட வடக்கு ஓரத்துல ஹை கிரீன்னு ஒரு இடம். 2001 கிறிஸ்துமஸுக்கு அங்க ரெண்டு பசங்களுக்கு வீட்டுல கிட்டார் வாங்கிக் குடுத்தாங்க. ஒருத்தன் அலெக்ஸ் டர்னர், இன்னொருத்தன் ஜேமி குக். அக்கம்பக்கத்து வீட்டுப் பசங்க. ஆண்டி நிக்கல்சன் பேஸ் கிட்டார். இப்போ நாலாவதா மாட் ஹெல்டர்ஸ் நிக்கிறான், அலெக்ஸோட சின்ன வயசுல இருந்தே ஒண்ணா படிச்சவன். அவன் எப்படி டிரம்ஸுக்கு வந்தான்? பின்னாடி அவரே பேட்டில சொல்லிருக்காரு: மிச்சம் இருந்தது அதுதான்னு! எல்லார்கிட்டயும் கிட்டார் இருந்துச்சு, அதனால கொஞ்ச நாள் கழிச்சு நான் ஒரு டிரம் செட் வாங்கினேன்னு.

யோசிச்சுப் பாருங்க. நம்ம தெரு கிரிக்கெட்டு மாதிரியே இருக்கு. பேட் வச்சிருக்கிறவன் பேட்ஸ்மேன், பந்து வாங்கிட்டு வந்தவன் பவுலர், கடைசியா ஓடி வர்றவன "டேய் நீ கீப்பிங் நில்லுடா"ன்னு நிக்க வைப்போம்ல, அப்படி நின்ன பையன். மிச்சத்த எடுத்துக்கிட்ட பையன். யாருக்கும் எதுவும் வாசிக்கத் தெரியாம ஆரம்பிச்ச கூட்டத்துல மிச்சம் இருந்தத எடுத்துக்கிட்டு, வீட்டு கராஜ்ல உக்காந்து தட்டித் தட்டிக் கத்துக்கிட்டான். அந்தப் பையன் 2007ல இங்கிலாந்தோட கிளாஸ்டன்பரி இசைத் திருவிழாவுல அன்னிக்கு ராத்திரியோட முக்கிய பேண்டுக்கு டிரம்ஸ் வாசிச்சான். 2012ல லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவுல உலகமே பாக்க வாசிச்சான். மிச்சத்த எடுத்த பையன்! நான் கேக்குறேன், மாட் ஹெல்டர்ஸுக்கு "நீ டிரம்ஸ் வாசி"ன்னு சொன்னது இணையமா? பக்கத்து வீட்டு சிநேகிதம்யா அது.

சரி. 2003 ஜூன் 13, ஷெஃபீல்டுல தி கிரேப்ஸ்னு ஒரு பப், முதல் நிகழ்ச்சி. அதுல இருந்து ஊருக்குள்ள வாசிக்கிறாங்க. டெமோ பாட்டு ரெக்கார்டு பண்றாங்க, அத சிடில காப்பி போட்டு, பாக்க வந்தவங்களுக்கு சும்மா குடுக்குறாங்க. கொஞ்சம் சிடிதான், எல்லாருக்கும் பத்தல. வாங்கினவன் வாங்காதவனுக்காக கம்ப்யூட்டர்ல ஏத்துறான், அது பரவுது. அப்போ ஃபேஸ்புக் மாதிரி மைஸ்பேஸ்னு ஒரு சமூக வலைத்தளம், அதுல ஊரெல்லாம் பேசின இவங்க பக்கம் இருக்கே, அத ஆரம்பிச்சது கூட ரசிகர்கள்தான். பேண்டு பசங்ககிட்ட கேட்டதுக்கு, மைஸ்பேஸ்னா என்னன்னே எங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னாங்க. எதிரணி அண்ணன் அவங்களுக்கு "முதல் இணைய பேண்டு"ன்னு பட்டம் குடுத்துட்டுப் போறாரு, அவங்களோ அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாதுங்கிறாங்க. கல்யாணப் பந்தில சாம்பார் நல்லா இருந்தா ரெண்டாவது தடவ கேட்டு வாங்குவோம். இலை பெருசா இருக்குன்னு யாராச்சும் ரெண்டாவது தடவ சாம்பார் கேட்டிருக்கீங்களா? இணையம் இலை. நல்ல இலைதான், இல்லைங்கல.

இப்போ பினாயில்.

நான் ஷெஃபீல்டுல ரெண்டு வருஷம் படிச்சேன். படிக்கிறப்போ ஒரு கடைல பார்ட் டைமா வேலை. அங்க எனக்கு மேல ஒரு அக்கா இருந்தாங்க, முப்பத்தஞ்சு முப்பத்தாறு வயசு இருக்கும், பக்கா ஷெஃபீல்டு. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, "லவ்"ன்னுதான் கூப்பிடுவாங்க, அந்த ஊர்ல நம்ம "கண்ணு" மாதிரி. ஒரு நாள் ரேடியோல இந்த பேண்டு பாட்டு ஓடுச்சு, நான் சும்மா முணுமுணுத்தேன், அவ்வளவுதான், அடுத்த நாள் கைப்பைக்குள்ள இருந்து ஒரு சிடிய எடுத்து என் கைல வச்சாங்க. வெள்ளை சிடி. அச்சு கிடையாது, படம் கிடையாது. கறுப்பு மார்க்கர்ல பேண்டு பேரு எழுதிருக்கு, எழுத ஆரம்பிக்கிறப்போ பெருசு பெருசா எழுதிட்டு, கடைசில இடம் பத்தாம நாலு எழுத்த நெருக்கி நெருக்கி எழுதிருக்கு. கீறல் விழுந்து இப்போ ஓடவே ஓடாது. 2004ல, போர்டுவாக்னு அந்த ஊர்ல ஒரு இடம், இப்போ மூடிட்டாங்க, அங்க நிகழ்ச்சி முடிஞ்சு வெளிய வர்றப்போ கைல திணிச்சிட்டுப் போனதாம். அலெக்ஸ் டர்னர் அந்த போர்டுவாக் பார்ல வேலையும் பாத்திருக்காரு, தெரியுமா?

நான் கேட்டேன், "அக்கா இத ஆன்லைன்ல வித்தா நல்ல காசு வருமே"ன்னு. அவங்க என்னைப் பாத்த பார்வை இருக்கே. பதில் சொல்லல. சிடிய என் கைல இருந்து வாங்கி, டிஷ்யூ பேப்பர்ல சுத்தி, மறுபடி பைக்குள்ள வச்சாங்க.

அப்புறம் டீ பிரேக்ல அவங்களா சொன்னாங்க. 2006 ஜனவரி 23, திங்கக்கிழமை, முதல் ஆல்பம் ரிலீஸ். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கடை வாசல்ல நின்னு, கடை திறந்ததும் காசு குடுத்து ஒண்ணு வாங்கினாங்களாம். அதுல இருக்கிற பாட்டுல பாதிக்கு மேல அவங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு! ஓசில குடுத்த சிடில இருக்கு, கம்ப்யூட்டர்ல இருக்கு, மனப்பாடமா நெஞ்சுல இருக்கு. இருந்தும் வாங்கினாங்க.

அண்ணே, உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி. ஓசில பினாயில் குடிச்சவன் எவனாச்சும் மறுநாள் காலைல கடை திறக்குறதுக்கு முன்னாடி லைன்ல நின்னு, காசு குடுத்து, அதே பினாயில ஒரு பாட்டில் வாங்கிருக்கானா?

அந்த அக்கா ஒருத்தங்க மட்டும் இல்ல. அந்த ஒரே வாரத்துல 3,63,735 பிரதிய சனம் காசு குடுத்து வாங்குச்சு. முதல் ஆல்பத்துக்கு பிரிட்டன்ல அது வரைக்கும் இருந்த சாதனை யாரோடது? 2001ல டிவி நிகழ்ச்சி வச்சு ஆள் தேர்ந்தெடுத்து உருவாக்கின ஹியர்சே குழுவோடது, 3 லட்சத்து சொச்சம். வாரா வாரம் டிவி காட்டிக் காட்டி சேத்த கூட்டத்த, ஓசில சிடி குடுத்த பசங்க தாண்டிட்டாங்க. ஓசில ஏற்கெனவே கேட்ட சனம் காசு குடுத்து வாங்கி தாண்ட வச்சுச்சு.

ஓசின்னு சொன்னீங்கள்ல அண்ணே, இதையும் கேளுங்க. இந்தப் பசங்க எல்லாருக்கும் ஓசி குடுக்கல. ரெக்கார்டு கம்பெனி ஆளுங்க லண்டன்ல இருந்து பாக்க வர்றாங்க, கெஸ்ட் லிஸ்ட்ல பேர் போடுங்கன்னு கேக்குறாங்க. போட மாட்டோம்னுட்டாங்க! ஊர்ப் பசங்களுக்கு சிடி சும்மா, கம்பெனிக்காரனுக்கு வாசல்ல கூட சலுகை கிடையாது. இந்த வரிய மாத்து, அந்தப் பாட்டத் திருத்துன்னு கம்பெனிகள் சொன்னதையும் காதுல வாங்கல. 2005 மே மாசம் முதல் வெளியீட்ட தாங்களே பேங் பேங்னு ஒரு லேபிள் பேர் வச்சுப் போட்டாங்க, சிடி 500, ரெக்கார்டுத் தட்டு 1000, அவ்வளவுதான். அப்புறம் ஜூன்ல கையெழுத்துப் போட்டது டாமினோங்கிற சுயேச்சை கம்பெனியோட. அக்டோபர் 17 அந்தக் கம்பெனி மூலமா முதல் சிங்கிள், அதாவது தனியா விக்கிற பாட்டு, வந்து பிரிட்டன்ல நேரா முதலிடம். யாருக்கு ஓசி குடுக்கணும், யாருக்குக் குடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்ச பசங்கண்ணே அவங்க. வீட்டுக்கு வந்த சொந்தக்காரனுக்கு சாப்பாடு போட்டா அதுக்குப் பேரு ஓசியா?

நடுவர் அம்மா, மணி அடிச்சிட்டீங்க, ஒரே நிமிஷம். இன்னும் ஒண்ணு சொல்லாம இறங்க மனசு வரல.

அந்த அக்காகிட்ட கடைசியா கேட்டேன், பாதிக்கு மேல பாட்டு ஏற்கெனவே இருக்கு, அப்புறம் ஏன்கா வாங்கினீங்கன்னு. அவங்க சொன்னாங்க, "சின்ன வயசுல நான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா எங்கம்மா என்னை 'மார்டி'ன்னு திட்டும். அந்த வார்த்தைய எங்க ஊர் பக்கத்துக்கு வெளிய சொன்னா முழிப்பாங்க. அத ஒருத்தன் பாட்டுல பாடுனான். எங்க டாக்ஸி, எங்க கிளப் வாசல்ல நிக்கிற தடியன், நாங்க மழைல நின்ன லைன், எல்லாத்தையும் எங்க பேச்சுலயே பாடுனான். டிவில எங்க பேச்ச பேசினா சிரிக்க வைக்கத்தான் பேசுவாங்க. இவன் சிரிக்கிறதுக்காகப் பாடல"ன்னாங்க. சொல்றப்போ டீ ஆறிப் போச்சு, அவங்க குடிக்கல.

பக்கத்து ஊர் ராதர்ஹாம்ல இருந்துக்கிட்டு அமெரிக்காக்காரன் மாதிரி பாவ்லா காட்டுற பேண்டுகளக் கேலி பண்ணி அந்த முதல் வெளியீட்டுலயே ஒரு பாட்டு வச்சிருந்தாங்க. ஊர்ப் பேச்ச விட மாட்டோம்னு அப்பவே முடிவு பண்ணிட்ட பசங்க.

2006 செப்டம்பர். மெர்குரி பரிசு, அந்த வருஷத்தோட சிறந்த ஆல்பம். இவங்களுக்குத்தான். மேடை ஏறின அலெக்ஸ் டர்னருக்கு அப்போ இருபது வயசு. போட்டில இருந்த இன்னொருத்தர் ரிச்சர்ட் ஹாலி, அவரும் ஷெஃபீல்டு, இவங்கள விட ரொம்ப மூத்தவர், வருஷக்கணக்கா கிட்டார் வாசிச்சு வந்த மனுஷன். பரிச கைல வச்சுக்கிட்டு அந்தப் பையன் சொன்னது என்ன தெரியுமா? யாராச்சும் 999க்கு போன் போடுங்க, ரிச்சர்ட் ஹாலிகிட்ட கொள்ளையடிச்சிட்டாங்க! நம்ம ஊர் 100 மாதிரி அங்க 999. நாடே பாக்குது, ஜெயிச்சது இவன், வாயில வந்தது ஊர்ப் பெரியவர் பேரு.

ஹாலியோட அந்த ஆல்பத்துக்குப் பேரு கோல்ஸ் கார்னர். ஷெஃபீல்டு நடுவுல ஒரு பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர் முனை அது, கடை போயி எத்தனையோ வருஷம் ஆச்சு. செல்போன் இல்லாத காலத்துல காதலிக்கிறவங்க "ஆறு மணிக்கு அங்க நில்லு"ன்னு சொல்லிட்டு வந்து காத்துக்கிட்டு நின்ன முனை. அக்காவோட தாத்தாவும் பாட்டியும் சந்திச்சது அங்கதானாம். அலெக்ஸோட அந்த மேடைப் பேச்ச டிவில கேட்டப்போ பாட்டி பக்கத்துல உக்காந்திருந்தாங்களாம், தாத்தா தவறி ரெண்டு வருஷம் ஆயிருந்துச்சு. பாட்டிக்கு இந்தப் பசங்க பாட்டு ஒண்ணும் பிடிக்காது, ஒரே சத்தம்பாங்களாம். ஆனா அன்னிக்கு டிவிய நிறுத்த விடல. "அந்தப் பையன் யாரு வீட்டுப் பிள்ளை?"ன்னு கேட்டாங்களாம்.

ஹை கிரீன் பிள்ளைன்னு அக்கா சொல்லிருக்காங்க.

நன்றி, வணக்கம்.