கடலில் இறக்கம் கிடையாது: பழைய ஆஃப்ஷோர் பவர்போட் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

(காட்சி: ஏற்காடு மலைப்பாதை. முழுச் சுமையுடன் ஒரு லாரி கொண்டையூசி வளைவில் ஏறுகிறது. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்கிறது.)

வணக்கம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் இந்தப் பாதையில் 20 கொண்டையூசி வளைவுகள் இருக்கின்றன. இந்த லாரி மேலே போய்ச் சுமையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். எஞ்சினும் சற்று ஓய்ந்துகொள்ளும். இறக்கமே வராமல் ஏறிக்கொண்டே இருக்கும் ஒரு மலைப்பாதையில் அதே எஞ்சின் ஓடினால் எத்தனை நாள் தாங்கும்? கடலில் வேகமாக ஓடும் பவர்போட்டின் எஞ்சினுக்கு ஒவ்வொரு பயணமும் அப்படிப்பட்ட ஏற்றம்தான். தண்ணீர் படகைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பதால், வேகத்தைக் குறைத்த சில நொடிகளிலேயே படகு தண்ணீரில் அமர்ந்துவிடும். தானாக உருண்டு போகும் தூரம் என்று அதற்கு எதுவும் இல்லை.

நான் சேலத்தில் எஞ்சின் ரீபோர் பட்டறை நடத்துகிறேன். கடலில்லாத ஊர்க்காரனுக்குப் படகைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வியே. கொச்சியில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன், இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள் பூட்டிய 30 அடி நீளப் பழைய ஆஃப்ஷோர் படகு ஒன்று விலைக்கு வந்திருப்பதாகச் சொல்லி என்னை அழைத்தான். அதற்காக நான் படித்ததையும், அங்கே போய்க் கையால் தொட்டுப் பார்த்ததையும் இந்த வீடியோவில் சொல்கிறேன்.

(காட்சி: தாளில் வரையப்பட்ட படகின் குறுக்குவெட்டு. அடிப்பகுதி ஆங்கில எழுத்து 'வி' போல இருக்கிறது.)

முதலில் அடிக்கூடு, அதாவது ஹல். 1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நசாவ் நகருக்கு நடந்த பந்தயத்தில், ரே ஹன்ட் வடிவமைத்த 'மாப்பி' என்ற படகு கொந்தளித்த கடலில் மற்றவற்றை வெகுதூரம் பின்தள்ளி வென்றது. அதன் அடிப்பகுதி பின்முனை வரைக்கும் ஆழமான 'வி' வடிவில் இருந்ததால், அலையின் மேல் அறைந்து விழாமல், ஏர்க்கொழு மண்ணைக் கிழிப்பது போல அதைக் கிழித்துச் சென்றது. இன்று நாம் ஆஃப்ஷோர் பவர்போட் என்று சொல்லும் படகுகள் பெரும்பாலும் அந்த வம்சத்தில் வந்தவை. பின்முனையில் அடிப்பகுதியின் சாய்வு 24 பாகை அளவில் இருப்பது வழக்கம். பிற்காலத்தில் அடிப்பகுதியில் குறுக்கே படிகள் வைத்த ஹல்களும் வந்தன. அந்தப் படிகள் காற்றை உள்ளே இழுத்துத் தண்ணீரின் பிடியைக் குறைப்பதால், அதே எஞ்சினில் கூடுதல் வேகம் கிடைக்கிறது. ஆனால் மூக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு வேகமாகத் திருப்பினால், பின்பகுதி பிடி விட்டுப் படகு பம்பரம் போலச் சுழன்றுவிடக்கூடும். முதல் படகு வாங்குபவர் படி இல்லாத ஹல்லையே தேட வேண்டும் என்பது என் கருத்து. விற்பவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஹல்லின் வெளிப்புறம் பளபளப்பதை நம்பாதீர்கள். ஃபைபரின் மேற்பூச்சான ஜெல்கோட்டுக்குப் பாலிஷ் போட ஒரு நாள் போதும். பழைய ஃபைபர் படகுகள் பலவற்றில் பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கும்; ஹல்லைத் தாங்கி நீளவாக்கில் ஓடும் கட்டைகளான ஸ்ட்ரிங்கர்களுக்குள்ளும் மரம் இருக்கும். டிரைவை, அதாவது எஞ்சினின் சுழற்சியைப் புரோப்பெல்லருக்குக் கொண்டுபோகும் வெளிப்புறக் கியர்ப் பகுதியை, பூட்டத் துளைத்த ஓட்டையிலோ, பிற்பாடு யாரோ போட்ட ஒரு ஸ்க்ரூ வழியிலோ தண்ணீர் உள்ளே போனால், மரம் வெளியே தெரியாமல் அழுகும். அந்தப் பின்பலகைதான் டிரைவின் முழுத் தள்ளுவிசையையும் தாங்குகிறது.

(காட்சி: பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரின் பிடியால் பின்பலகையைத் தட்டும் கை. அண்மைக் காட்சி.)

மண்பானை வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்களே, இங்கும் செய்ய வேண்டியது அதுதான். கொச்சியில் அந்தப் படகின் பின்பலகையை இடமிருந்து வலமாக, நான்கு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே வந்தேன். 'டக், டக்' என்று கெட்டியாக வந்த ஓசை, வலப்பக்க டிரைவுக்குக் கீழே வந்ததும் ஈரத் துணி மூட்டையைத் தட்டியது போல 'தொப், தொப்' என்று மாறியது. அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டபோது, தண்ணீர்த் தொட்டி மூடி அளவுக்கு வட்டம் வந்தது. படகின் நிலையைச் சோதிக்கும் சர்வேயர் மறுநாள் ஈரமானியோடு வந்து அதே வட்டத்தைத்தான் காட்டினார். சர்வேயருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். ஆனால் விற்பவர் அழைத்து வரும் சர்வேயர் வேண்டாம்.

அடுத்து எஞ்சின். 'இதுவரை 500 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது' என்று விற்பவர் சொன்னால், காரோடு ஒப்பிட்டு மகிழ்ந்துவிடக் கூடாது. சராசரி 50 கிலோமீட்டர் வேகத்தில் 500 மணி நேரம் ஓடிய கார் 25,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். அது நமக்குப் புது வண்டி. ஏற்றத்திலேயே ஓடிய படகு எஞ்சினுக்கு, அதுவும் முடுக்கிக் கட்டிய எஞ்சினாக இருந்தால், 500 மணி நேரம் என்பது ஹெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டிய வயது. ஆகவே மணிக்கணக்கோடு, யார் ஓட்டினார், எந்தத் தண்ணீரில் ஓட்டினார், கடைசியாக எப்போது எதைப் பிரித்துக் கட்டினார், அதற்குப் பில் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் கேளுங்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "மாமா, சத்தமே இப்படி இருக்கிறதே, இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?" என்று பையன் கேட்டான். எனக்கு அப்போதே மனம் ஒப்பவில்லை. வாங்க வருபவர் வருமுன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் அது எப்படிக் கிளம்புகிறது, என்ன புகை தள்ளுகிறது என்பதை நாம் பார்க்க முடியாமல் போகிறது. எனவே மறுநாள் காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தோம். அது சூடான பிறகு ஒவ்வோர் எஞ்சினிலும் எட்டு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் ஒவ்வொன்றாக அளந்தோம். அளவுகளுக்குள் பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் லீக் டவுன் சோதனையும் செய்து, காற்று வால்வு வழியே போகிறதா, பிஸ்டன் ரிங் வழியே போகிறதா என்று பார்க்க வேண்டும்.

படகு எஞ்சினில் நம் பட்டறைக்காரர்களுக்குப் பழக்கமில்லாத ஒரு நோய் உண்டு. எஞ்சினைக் குளிர்வித்த கடல்நீர், புகையோடு கலந்து அதே குழாய் வழியாகத்தான் வெளியேறுகிறது. அந்தக் குழாயின் பகுதிகளான மேனிஃபோல்டும் அதன்மேல் இருக்கும் ரைசரும் உப்பால் உள்ளிருந்தே அரிக்கப்படும். கடலில் ஓடும் படகில் அவற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ஓட்டை விழுந்த பிறகு தண்ணீர் போகும் இடம் சிலிண்டர். ஓட்டை விழாமலும் இது நடக்கலாம்: வேகத்துக்காக, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டைப் பெரிதாகப் போட்ட எஞ்சின், ஐடிலில் நிற்கும்போது புகைக்குழாயிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக்கில் துருவின் சாயல் தெரிந்தால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.

(காட்சி: டிரைவின் அடியிலிருந்து வெள்ளைத் துணியில் கியர் ஆயில் சொட்டுகிறது.)

அதன்பின் ஸ்டெர்ன் டிரைவ். படகு அலையிலிருந்து எகிறும்போது புரோப்பெல்லர் காற்றில் வெறுமனே சுழன்று எஞ்சின் வேகம் சட்டென ஏறுகிறது. மீண்டும் தண்ணீரில் பாய்ந்ததும் அந்த வேகம் முழுவதும் ஒரே அடியாகக் கியர் பற்களில் இறங்குகிறது. ஆஃப்ஷோர் பந்தயங்களில் ஸ்டியரிங்கை ஒருவரும் திராட்டிலை மட்டும் இன்னொருவரும் பிடிப்பது இதற்காகவே. முந்தைய உரிமையாளருக்கு அந்தப் பக்குவம் இருந்ததா என்பதைக் கியர் ஆயில் சொல்லிவிடும்: காந்தப் பிளக்கில் மாவு போன்ற பொடி இருப்பது இயல்பு, நகக்கீறல் அளவுச் சில்லு இருந்தால் பல் உடைந்திருக்கிறது, ஆயில் பால்காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எங்களுக்கு வந்தது புத்தம்புதிய ஆயில். போன வாரம்தான் மாற்றியதாகச் சொன்னார்கள். நல்ல செய்தி போலத் தோன்றினாலும், சாட்சியத்தைக் கழுவி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். கடலில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி சொட்டுவிட்டுப் பார்த்தபோது ஆயில் லேசாக வெளுத்திருந்தது.

வேகத்தைப் பற்றிய பெருமையைச் சரிபார்க்க ஒரு பேப்பரும் பேனாவும் போதும். புரோப்பெல்லரின் பிட்ச் 28 அங்குலம் என்றால், வழுக்கல் இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்கு அது 28 அங்குலம் முன்னேறும். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று, கியர் விகிதம் 1.5 (எஞ்சின் ஒன்றரைச் சுற்று சுற்றினால் புரோப்பெல்லர் ஒரு சுற்று) என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 142 கிலோமீட்டர் வருகிறது. வழுக்கலுக்கு 12 விழுக்காடு கழித்தால் 125. இதே புரோப்பெல்லரோடு 150 போகும் என்று ஒருவர் சொன்னால், புன்னகைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

பெட்ரோல் செலவைப் பலர் விசாரிப்பதே இல்லை. 500 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 150 லிட்டருக்கு மேல் குடிக்கும். இரண்டு எஞ்சினுக்கு 300 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் மணிக்கு 30,000 ரூபாய். நடுத்தர வேகத்தில் இது வெகுவாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் நடுத்தர வேகத்தில் போவதற்காக யாரும் இந்தப் படகை வாங்குவதில்லை.

அந்தப் பெட்ரோலின் தரத்தையும் கவனிக்க வேண்டும். இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். படகு எஞ்சின் தயாரிப்பாளர்கள் பொதுவாக அனுமதிப்பதோ 10 விழுக்காடு வரை. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். படகு வாரக்கணக்கில் சும்மா நின்றால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கிவிடும்; எஞ்சின் உறிஞ்சும் குழாய் இருப்பதும் அதே அடியில்தான். கார்புரேட்டர் எஞ்சினில் எத்தனால் கூடினால் கலவை மெலிந்து, முழு வேகத்தில் பிஸ்டன் மிகையாகச் சூடாகும். ஆக்டேனிலும் ஒரு குழப்பம் உண்டு: அமெரிக்கப் புத்தகத்தில் 91 என்று போட்டிருப்பது நம் அளவில் சுமார் 95. அந்த 91ஐயும் நம் அளவின் 91ஐயும் ஒன்று என்று நினைத்து எஞ்சினைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

எஞ்சின் அறையில் கார் உதிரிபாகம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். கார் ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் விலை மலிவு, அப்படியே பொருந்தவும் செய்யும். ஆனால் அவற்றின் தீப்பொறி வெளியே வராதபடி மூடப்பட்டிருக்காது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் போய்த் தேங்கும். ஸ்டார்ட் செய்யுமுன் எஞ்சின் அறைக் காற்றை வெளியே தள்ளும் ப்ளோயரைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிட்டு, பிறகு முகர்ந்தும் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச் கயிற்றை இடுப்பில் மாட்டாமல் கிளம்பவே கூடாது.

சேலத்துக்காரர்களுக்கு எவர்சில்வரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்றாலும் ஒன்று: பாத்திரக் கடையின் 304 ரகம் கடற்காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும், மாலிப்டினம் சேர்ந்த 316 ரகமே படகுக்கு ஏற்றது. இங்கிருந்து மலிவாகப் போல்ட் வாங்கிப் போகும் ஆசையை விட்டுவிடுங்கள்.

படகைச் சேலத்தில் நிறுத்திவைத்து வேண்டும்போது இழுத்துப் போகலாமே என்று பையன் கேட்டான். நம் சாலை விதிப்படி வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. எட்டரை அடி அகலப் படகு அதற்குள் அடங்கும், அதைவிடப் பெரியது அடங்காது. அடங்கினாலும் கொச்சி வரை சுமார் 350 கிலோமீட்டர், பல டன் எடையை இழுத்துக்கொண்டு. இரண்டு முறை போய்வந்தால் மூன்றாம் முறை ஆசை வராது. படகு கடலோரத்தில்தான் இருக்க வேண்டும்.

அந்தப் படகை நாங்கள் வாங்கவில்லை. பையன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். நான் அவனைப் படகுக்கு முன்னால் ஓர் ஆளைத் தேடச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அன்று மாலையே எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப்பாதைக்குள் நன்னீர் விட்டுப் பத்து நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவ வேண்டும். டிரைவுக்குள் தண்ணீர் புகாமல் காக்கும் மடிப்பு உறையான ரப்பர் பெல்லோஸைக் கையால் தடவி வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் அடியில் சேரும் தண்ணீரை இறைக்க வேண்டும். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு இதை நீங்கள் செய்ய முடியாது; அலுவலகம் விட்டு இரவில் வீடு திரும்பும் பையனாலும் முடியாது. படகுத்துறையிலேயே இருக்கும், எஞ்சின் தெரிந்த ஒருவரை மாதச் சம்பளத்துக்குப் பேசி முடித்துவிட்டு, அவரையும் உடன் அழைத்துக்கொண்டு படகு பார்க்கப் போங்கள். முன்பணம் அதற்குப் பிறகு கொடுக்கலாம்.

(காட்சி: படகுத்துறையில் குழாய்த் தண்ணீர் ஓட, ஐடிலில் நிற்கும் எஞ்சின். சத்தம் மெல்ல அடங்குகிறது.)