சிபேனலில் கிட் வந்துவிட்டது, ஆனால் டிப்ளாய் பட்டன் ஏன் மங்கிக் கிடக்கிறது?

வணக்கம் மக்களே! தம்ப்நெயிலில் என் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். பாதி சந்தோஷம், பாதி கடுப்பு. என் ஹோஸ்டிங்காரர் ஒருவழியாக சிபேனலில், அதாவது இணையதளத்தை நிர்வகிக்கும் பேனலில், கோடின் மாற்றங்களைப் பதிவு வைக்கும் கிட்டின் ஐகானைத் திறந்து விட்டிருக்கிறார். லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதியது 2005-இல். சிபேனலுக்குள் அது வந்தது 2018-இல், 72-ஆம் பதிப்பில். அங்கிருந்து என் கணக்குக்கு வந்து சேர இவ்வளவு நாள்! சர்வருக்குக் கோப்பு ஏற்றும் ஃபைல்ஜில்லாவில் கோப்பு கோப்பாக இழுத்துப் போடுவது எனக்கு எவ்வளவு 'பிடிக்கும்' என்பது பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் முதலில் அந்த 150 ரூபாய்க் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஐகான் இலவசம். நம் கணினியிலிருந்து சர்வருக்குப் புஷ் செய்ய, அதாவது மாற்றங்களை அனுப்ப, எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வேண்டும், அதற்கு ஷெல் அனுமதி, அதாவது சர்வரில் கட்டளை ஓட்டும் அனுமதி, வேண்டும். அந்த அனுமதிக்கு மாதம் 150 ரூபாயாம்! அவர்கள் பக்கத்தில் என்ன வேலை தெரியுமா? ஹோஸ்டிங்காரர்களின் நிர்வாகப் பேனலான டபிள்யூஹெச்எம்மில் 'மேனேஜ் ஷெல் ஆக்சஸ்' பக்கத்தைத் திறந்து, என் கணக்குக்கு நேரே 'ஜெயில்டு ஷெல்' (கட்டுப்பாடுள்ள ஷெல்) என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடிந்தது. அதற்கு வருடம் 1800 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஏன் என்று டிக்கெட் போட்டால், 'பாதுகாப்புக் காரணங்களுக்காக' என்று பதில். ஆபத்து என்றால் யாருக்கும் கொடுக்காதீர்கள். 150 ரூபாய் கட்டியதும் நான் நல்லவனாகிவிடுவேனா? இதையே கொஞ்சம் மரியாதையாக எழுதி, என் பிளான் புதுப்பிக்கும் தேதி நெருங்குவதையும் கடைசி வரியில் சேர்த்தேன். மறுநாள் காலையில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். கட்டணம் வேறு, கட்டாயம் வேறு மக்களே. கேட்டுப் பாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கோடைத் தளத்தில் போட, அதாவது டிப்ளாய் செய்ய, சிபேனலில் இரண்டு வழி. ஒன்று, சர்வரில் இருக்கும் ரெப்போவுக்கே (கிட் கவனிக்கும் கோப்புத் தொகுப்பு) நேராகப் புஷ் செய்வது. அதில் சிபேனலே புஷ் வந்ததும் இயங்கும் போஸ்ட்-ரிசீவ் ஹூக் வைத்திருக்கிறது, புஷ் ஆனதும் டிப்ளாய் தானாக ஓடும். இன்னொன்று, கோடை ஆன்லைனில் வைக்கும் கிட்ஹப்பிலிருந்து இழுப்பது. அதில் உள்ளே போய் 'அப்டேட் ஃப்ரம் ரிமோட்' அழுத்த வேண்டும், பிறகு 'டிப்ளாய் ஹெட் கமிட்' அழுத்த வேண்டும். இரண்டு பட்டன், இரண்டும் கையால்! சிபேனலைப் போன்ற இன்னொரு பேனலான பிளெஸ்க்கில் ஒரு வெப்ஹூக் முகவரி தருவார்கள். அதை கிட்ஹப்பில் ஒட்டிவிட்டால் நாம் புஷ் செய்ததும் அதுவே இழுத்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு பிளெஸ்க்குக்குத்தான். சிபேனல் ரசிகர்கள் கமெண்டில் திட்டிக்கொள்ளுங்கள்.

எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும் என்பதை ரெப்போவின் மேல்மட்டத்தில் 'டாட் சிபேனல் டாட் ஒய்எம்எல்' என்ற கோப்பில் எழுத வேண்டும். அது யாமல் என்ற வடிவில் எழுதும் கோப்பு என்பதால் வரியை உள்தள்ள டேப் வைத்தால் ஏற்காது, ஸ்பேஸ்தான்.

இப்போது கடுப்புப் பகுதி. ஒரு வாடிக்கையாளர் தளத்தில் எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று டிப்ளாய் பட்டன் மங்கிவிட்டது. கீழே ஒரு செய்தி: சரியான ஒய்எம்எல் கோப்பு இருக்க வேண்டும், கமிட் செய்யாத (கிட்டில் பதிவு செய்யாத) மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. சரி ஐயா, எந்தக் கோப்பில் மாற்றம்? சொல்ல மாட்டார்! டெர்மினலைத் திறந்து 'கிட் ஸ்டேட்டஸ்' போட்டால் ஒரே ஒரு பிஹெச்பி கோப்பு. 'கிட் டிஃப்' போட்டால் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஓல்ட் மோட் 100644, நியூ மோட் 100755. அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே யாரோ ஃபைல் மேனேஜரில் போய், தளம் மெதுவாக இருக்கிறது என்று பெர்மிஷனை (கோப்பை யார் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற அனுமதியை) 755 ஆக்கியிருக்கிறார்கள். பெர்மிஷனுக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். கிட்டைப் பொறுத்தவரை கோப்பை இயக்கலாமா கூடாதா என்ற அந்த ஒரு பிட் மாறினாலும் மாற்றம்தான்.

எனக்குக் கோபம் அந்த ஆள்மேல் இல்லை. ஃபைல் மேனேஜரும் கிட்டும் ஒரே பேனலில்தான் இருக்கின்றன. ஆனால் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி மாதிரி. 'இந்தக் கோப்பு ரெப்போவுக்குள் இருக்கிறது, இங்கே தொட்டால் டிப்ளாய் நிற்கும்' என்று ஒரு மஞ்சள் பட்டை காட்டினால் என்ன குறைந்துவிடும்? ஐகான் வைத்ததோடு ஆதரவு முடிந்துவிட்டதா? 'கிட் ஸ்டேட்டஸ்' தருகிற கோப்புப் பெயரை அந்தச் செய்திக்குள் போடுவது அவ்வளவு கஷ்டமா?

சரிசெய்வது எளிது. பெர்மிஷனை 644-க்குத் திருப்பினால் பட்டன் உயிர்பெற்றுவிடும். அந்த ஆள் மறுபடி தொடுவார் என்று தோன்றினால், அந்த ரெப்போவில் 'கோர் டாட் ஃபைல்மோட்' அமைப்பை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள், அந்த பிட் மாறினாலும் கிட் கண்டுகொள்ளாது. நான் ஆக்கிவிட்டேன்.

ஆங், இரண்டு பட்டன் கதையிலேயே சொல்லியிருக்க வேண்டியது ஒன்று. பிரைவேட் ரெப்போ என்றால் சர்வரில் எஸ்எஸ்ஹெச் கீ உருவாக்கி, அதன் பப்ளிக் பகுதியை கிட்ஹப்பில் டிப்ளாய் கீயாகச் சேர்க்க வேண்டும். எழுதும் உரிமை தர வேண்டாம், படித்தால் போதும். கீக்குக் கேட்கும் கடவுச்சொல்லான பாஸ்ஃப்ரேஸை வெறுமையாக விடுங்கள். பேனல் பின்னணியில் ஓடும்போது அதைத் தட்டச்சு செய்ய அங்கே யாரும் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

இன்னொன்று, இதை மட்டும் தூக்கக் கலக்கத்தில்கூட மறக்காதீர்கள். தளத்தில் எல்லோருக்கும் தெரியும் கோப்புகள் இருக்கும் பப்ளிக் ஹெச்டிஎம்எல் ஃபோல்டருக்குள் ரெப்போவை நேராக குளோன் செய்யாதீர்கள். ஒய்எம்எல்லில் 'சிபி மைனஸ் ஆர்' என்ற நகலெடுக்கும் கட்டளை போட்டு ஒரு புள்ளி வைத்து மொத்தமாகவும் நகலெடுக்காதீர்கள். மறைந்திருக்கும் 'டாட் கிட்' ஃபோல்டரும் சேர்ந்து போய்விடும். சர்வர் தடுக்காவிட்டால், யார் வேண்டுமானாலும் உங்கள் கோடை அதன் முழு வரலாற்றோடு இறக்கிக்கொள்வார்கள். என்றைக்கோ கமிட் செய்துவிட்டு அழித்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் அதில் இருக்கும். எந்தெந்தக் கோப்பு போக வேண்டுமோ அதை மட்டும் பெயர் சொல்லி எழுதுங்கள். என் ஒய்எம்எல் கோப்பை டிஸ்க்ரிப்ஷனில் போட்டிருக்கிறேன். யூசர்நேமை மாற்றாமல் ஒட்டிவிட்டு 'அண்ணா ஓடவில்லை' என்று வராதீர்கள்.