கெட்டும் பட்டணம் சேர்

(எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, இந்த நூலகத்துக்கு மூன்று மின்விசிறிகளும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வாங்கித் தந்த வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, ஏழைகளிடம் இன்றைக்கும் இருபது ரூபாய்க்கு மேல் கைநீட்டி வாங்காத நம் மருத்துவர் ஐயா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய நூலகர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, பள்ளிக்கூடத்திலிருந்து நேராக இங்கே வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். மருத்துவர் ஐயா ஒரு நோயாளியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொன்னார்கள். அவர் எப்போது எழுந்து போனாலும் நாம் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

'பட்டணம் பார்த்தவர்கள்' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. சென்னைக்குக் கடல் வழியாக வந்தவர்கள், ரயில் வழியாக வந்தவர்கள் என்று இரண்டு பகுதியாகச் சொல்லலாம் என்று குறிப்பு எடுத்து வந்திருக்கிறேன். நம் பக்கத்தில் 'பட்டணம்' என்று சொன்னாலே சென்னைதான். பத்து மைல் தள்ளி இருக்கிற திருநெல்வேலி 'டவுன்'. நானூறு மைல் தள்ளி இருப்பது பட்டணம். 'கெட்டும் பட்டணம் சேர்' என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். சொத்து போனாலும், மழை பொய்த்தாலும், உடம்பு கெட்டாலும் பட்டணம் போய்ச் சேர், அங்கே ஒரு வழி பிறக்கும் என்று அர்த்தம். நல்ல பழமொழி. ஆனால் சேர்ந்த பிறகு முதல் ராத்திரி எங்கே படுப்பது என்று அந்தப் பழமொழியில் இல்லை. அதைப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன்.

முதலில் கடல். இன்றைக்குப் பெரிய துறைமுகம் இருக்கிற சென்னையில், நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து கரைக்கு வர மசூலாப் படகு. அந்தப் படகில் ஆணியே இருக்காது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஏனென்றால் சென்னைக் கடலின் அலை அப்படி. ஆணி அடித்த படகு அந்த அலையில் தரை தட்டினால் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். சீமையிலிருந்து மாசக்கணக்கில் கப்பலில் வந்த துரைமார்கள், கடைசிக் கால்மைலில்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அலை தூக்கி எறிய, தொப்பலாக நனைந்து, நம் மீனவர்கள் தோளில் சுமந்து இறக்கிவிட, மணலில் வந்து விழுந்தவர்கள்தான் கோட்டையில் உட்கார்ந்து நாட்டை ஆண்டார்கள். பிறகு துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். 1881இல் ஒரு புயல் வந்து, கட்டி எழுப்பிய சுவர்களை இடித்துத் தள்ளியது. மறுபடி கட்டினார்கள்.

அந்தத் துறைமுகத்திலிருந்துதான் நம் ஆட்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். 'ராஜுலா' கப்பல் என்று சொன்னால் இந்தக் கூட்டத்தில் இருக்கும் பெரியவர்கள் இரண்டு பேராவது நிமிர்ந்து உட்காருவார்கள். 1926இல் கட்டிய கப்பல். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடியது. மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு போன ஜனங்கள் ஆயிரக்கணக்கில். கப்பல் புறப்படும் நாள் வரைக்கும் அவர்கள் சென்னையில் காத்துக் கிடக்க வேண்டும். தகரப் பெட்டியும் புளிமூட்டையுமாக எங்கே தங்கினார்கள்? சத்திரத்தில். இன்றைக்கும் அந்தமானுக்குக் கப்பல் ஏற நம் பிள்ளைகள் சென்னையில் போய்க் காத்திருக்கிறார்கள். ஏறினால் போர்ட் பிளேர் சேரக் கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும். ஏறுவதற்கு முன்னால் எத்தனை நாள் என்பது கப்பலைப் பொறுத்தது.

ரயிலுக்கு வருகிறேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் போனது. சென்ட்ரல் 1873இல் வந்தது, எழும்பூர் 1908இல் வந்தது. தெற்கே இருந்து காசிக்குப் போகிறவர்கள் எழும்பூரில் இறங்கி, மூட்டை முடிச்சோடு சென்ட்ரலுக்குப் போக வேண்டும். இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் நம் ஊர்க்காரர்களின் பாதிப் பணம் போனது அந்த இரண்டு கிலோமீட்டரில்தான். 2018இல் மெட்ரோ ரயில் வந்தபிறகு அந்தக் கஷ்டம் தீர்ந்தது. அதைச் செய்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

1917இல் காந்தியடிகள் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்தார். இரண்டு ராத்திரிப் பயணம். இருபத்திரண்டு பேர் உட்காரலாம் என்று எழுதியிருந்த பெட்டியில் அதற்கு மேல் ஆட்களை அடைத்தார்கள். வழி நெடுக ஒரு தடவைகூட அந்தப் பெட்டியைக் கூட்டவில்லை, கழிப்பறையைக் கழுவவில்லை என்று அவரே எழுதினார். தேசத்தின் விடுதலையைப் பற்றி எழுத வேண்டியவர், நேரம் ஒதுக்கி ரயில் கக்கூஸைப் பற்றி எழுதினார் என்றால், பயணம் செய்கிற ஏழை ஜனங்களின் அவஸ்தையை அவர் சின்ன விஷயமாக நினைக்கவில்லை என்றுதானே அர்த்தம்? நானும் நினைக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இது என் வீட்டுக் கதை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1984, மே மாதம். என் தாயாருக்குக் கண்ணில் பூ விழுந்து, பார்வை மங்கிவிட்டது. எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். 1819இல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. ஒரு மஞ்சள் பையில் மாற்றுச் சேலை, ஓலைக் கொட்டானில் கருப்பட்டி, கையில் பித்தளைக் கூஜா. கூஜாவில் நம் தாமிரபரணித் தண்ணீர். "பட்டணத்துத் தண்ணி உப்புக் கரிக்கும்"னு அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். எனக்குத் தாகம் எடுத்தபோதுகூட ஒரு மடக்குக்கு மேல் தரவில்லை.

விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே எழும்பூரில் இறங்கி வெளியே வந்துவிட்டோம். அம்மா மெதுவாக என் கையைப் பிடித்து, "ஏய்யா, எனக்கு ஒதுங்கணும்" என்றாள். எதிரே ஒரு விடுதி. ஓடினேன். "ரூம் எடுத்தால்தான் உள்ளே விடுவோம், ரூம் காலி இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். இன்னொன்றில் கதவையே திறக்கவில்லை. அம்மா கண் தெரியாமல் தெருவிளக்குக்குக் கீழே நிற்கிறாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். பெற்ற தாயை அந்த நிலையில் பார்த்த பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

தெருவோரத்தில் ஒரு அம்மாள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்ற வைத்து இட்லிக் குண்டானை ஏற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டு, "இன்னா நைனா, அம்மாவை இட்டாந்து ரோட்ல நிக்க வச்சிக்கினு கீறே?" என்று ஒரு அதட்டல். விஷயத்தைச் சொன்னேன். அவ்வளவுதான், ஸ்டவ்வைத் தணித்தாள். "நீ இட்லியப் பாத்துக்க" என்று என்னை அங்கே உட்கார வைத்துவிட்டு, "வாம்மா, நம்ம வூடு இதோ பின்னாலதான்" என்று அம்மாவின் தோளைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

பிறகு நடந்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சந்துக்குள்ளே எட்டுக் குடும்பத்துக்கு ஒரே கழிப்பறை. தகரக் கதவு, தாழ்ப்பாள் கிடையாது. ஒரு சணல் கயிறு தொங்கும். உள்ளே போகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்மாவுக்குக் கயிறு எங்கே இருக்கிறது என்று தெரியாது அல்லவா? அந்த அம்மாள் வெளியே நின்று கதவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். சென்னையில் தண்ணீருக்கு ஜனங்கள் தவித்த காலம் அது. ராத்திரி லாரிக்குக் காத்திருந்து பிடித்த தண்ணீரில் ஒரு குடத்தை எடுத்து, "மூஞ்சி கழுவிக்கம்மா" என்று ஊற்றினாளாம். ஒரு குடம்! அன்றைக்குச் சென்னையில் ஒரு குடம் தண்ணீர் என்றால் என்னவென்று, ஆற்றங்கரையில் பிறந்த நமக்குச் சொன்னால் புரியாது.

திரும்பி வந்தார்கள். நான் இரண்டு ஈடு இட்லி எடுத்து வைத்திருந்தேன். அம்மா காசு கொடுக்கப் போனாள். "இட்லிக்கு மட்டும் குடு" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாள். அப்போது அம்மா என்ன செய்தாள் தெரியுமா? எனக்குக் கூடத் தராத அந்தக் கூஜாவின் மூடியைத் திருகித் திறந்து, "இதைக் குடி தாயி" என்று நீட்டினாள். அந்த அம்மாள் அண்ணாந்து இரண்டு வாய் குடித்தாள். நிறுத்தினாள். கூஜாவை உள்ளே எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா இது, சக்கரை போட்டியா?" என்று கேட்டாள். "எங்க ஊரு ஆத்துத் தண்ணி தாயி" என்றாள் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். மிச்சத்தை ஒரு சொம்பில் வாங்கி, "எம் பசங்களுக்கு" என்று மூடி வைத்தாள்.

ஆறு மாசம் கழித்து மறு பரிசோதனைக்குப் போனோம். அம்மாவுக்குப் பார்வை திரும்பியிருந்தது. கூஜா நிறையத் தண்ணீர் கொண்டுபோனாள், அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று. அந்த இடத்தில் வேறு கடை இருந்தது. கேட்டால், அந்த வரிசையையே காலி செய்துவிட்டார்கள் என்றார்கள். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று அம்மா சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது சொல்கிறேன். கெட்டும் பட்டணம் சேர்ந்தவளுக்கு, கெட்டுப் பட்டணம் சேர்ந்த இன்னொருத்திதான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊர் நிற்கவில்லை. அன்றைக்கு அந்த இட்லிக் கடை இல்லையென்றால்?

நம் முன்னோர்கள் இதை அதிர்ஷ்டத்துக்கு விடவில்லை. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் சர் ராமசாமி முதலியார் சத்திரம் கட்டினாரே, எதற்கு? ரயிலை விட்டு இறங்குகிறவன் முதல் ராத்திரி திண்டாடக் கூடாது என்பதற்கு. ராணி மங்கம்மாள் சாலை போட்டாள், கூடவே சத்திரமும் கட்டினாள். நாட்டுக்கோட்டை நகரத்தார் காசியில் சத்திரம் கட்டி இன்றுவரை நடத்துகிறார்கள். செட்டிநாட்டிலிருந்து காசி எத்தனை தூரம்! அத்தனை தூரத்தில் தம் ஊர்க்காரனுக்கு ஒரு பாயும் ஒரு வேளைச் சோறும் அவர்களால் ஏற்பாடு செய்ய முடிந்தது. நானூறு மைலில் இருக்கிற சென்னையில் நம் மாவட்டத்துக்காரனுக்கு நம்மால் முடியாதா?

2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தார்கள். எண்பத்தெட்டு ஏக்கர். கழிப்பறை, தண்ணீர், உட்கார இடம் எல்லாம் இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன், குறை சொல்ல வரவில்லை. ஆனால் பெரியாஸ்பத்திரியில் சீட்டுப் போட வேண்டியவன் அங்கிருந்து இன்னும் முப்பது கிலோமீட்டர் போக வேண்டும். இன்றைக்குப் போய் இன்றைக்கே திரும்ப முடியாது. டாக்டர் "நாளைக்கு வா" என்கிறார். நாளை வரைக்கும் எங்கே? ஆஸ்பத்திரி வாசல் நடைபாதையில் அட்டையை விரித்துப் படுத்திருக்கிறார்களே, அவர்கள் பக்கத்தில் போய் நின்று பேச்சைக் கேளுங்கள். "எலே", "வாங்கய்யா" என்று நம் ஊர்ப் பேச்சு காதில் விழும். எனக்கு விழுந்தது.

ஆகவே நாலு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருப்பதை இந்த மேடையிலும் கேட்கிறேன். எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் நடுவில் நம் மாவட்டத்தின் பெயரில் ஒரு தங்கல் மனை வேண்டும். மாளிகை வேண்டாம். நாற்பது கட்டில் போதும். பெண்களுக்குத் தனிப் பகுதி, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, ராத்திரி எந்நேரமும் திறந்திருக்கும் கதவு, வெந்நீர், பையை வைத்துப் பூட்ட ஒரு பெட்டி. எந்த ஆஸ்பத்திரிக்கு எந்தப் பஸ் என்று நம் பேச்சில் சொல்ல ஒரு ஆள். நாளுக்கு ஐம்பது ரூபாய் வாங்கலாம், இல்லாதவனிடம் அதுவும் வேண்டாம். உள்ளாட்சிகள் ஒரு பங்கு, வணிகர்கள் ஒரு பங்கு, சென்னையில் போய் நன்றாக இருக்கிற நம் பிள்ளைகள் ஒரு பங்கு. நகர்மன்றத் தலைவர் அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானமாக வைத்தால் போதும், மற்ற ஊர்கள் பின்னால் வரும். சங்கத் தலைவர் அவர்கள் இப்போதே தலையசைத்தார்கள், நான் பார்த்துவிட்டேன்.

கெட்டும் பட்டணம் சேர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புகிற நாம், சேருகிற இடத்தில் ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சொல்ல வேண்டாமா?

நூலகர் எட்டு மணிக்குப் பூட்ட வேண்டும். வாசலில் செய்தித்தாள் மேசையின் மேல் மனு இருக்கிறது. இதுவரை அறுநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து ஆகியிருக்கிறது. பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன். எழுத வராத தாய்மார்கள் பெயரைச் சொன்னால் போதும், இந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள், பக்கத்திலேயே கைநாட்டு வைக்க மை டப்பாவும் இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸுக்குக் கொண்டுபோகிறோம். வருகிறவர்கள் காலை ஏழு மணிக்குப் பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் வந்து நில்லுங்கள். நன்றி, வணக்கம்.