பவுடர் ஆறும் சிவப்புக் கட்டங்களும்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், பிக்ஹார்ன் மலையடிவாரத்தில் உற்பத்தியாகி, வடக்கே மொன்டானாவுக்குள் போய் யெல்லோஸ்டோன் ஆற்றில் கலக்கிறது பவுடர் ஆறு. கரை நெடுக மாட்டுப் பண்ணைகள். அந்தப் பகுதியின் பழைய நில அமைப்பு வரைபடம் ஒன்றைப் பற்றித்தான் பேச்சு.

அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை வெளியிட்ட தாள் அது. மேடு பள்ளம் காட்டும் சமஉயரக் கோடுகள் பழுப்பு நிறம், ஆறு நீலம். மழைக்கு மட்டும் ஓடும் ஓடை என்றால் நீலக் கோடு தொடர்ந்து வராது. ஒரு சிறு கோடு, மூன்று புள்ளி, மறுபடி ஒரு கோடு. அப்படிப்பட்ட ஓடைகள்தான் தாள் முழுக்க. வீடுகளைக் குறிக்கும் கருப்புப் புள்ளிகளைத் தேடினால், ஆற்றை ஒட்டியே வரிசையாகக் கிடக்கின்றன. மேட்டு நிலத்தில் வீடே இல்லை என்று சொல்லலாம்.

சரி, இதன் மேல் சிவப்பில் சதுரக் கட்டங்கள் ஏன்? அரசு நிலத்தை அளந்து பிரித்த கட்டங்கள் அவை; ஒவ்வொன்றும் ஒரு மைல் பக்கம், 640 ஏக்கர். அதில் கால் பங்கு, 160 ஏக்கர், குடியேறுகிற குடும்பத்துக்கு என்று 1862-ல் சட்டம் வந்தது. மழை பெய்கிற கிழக்குப் பகுதிக்கு அது போதும். இங்கே ஒரு மாடு மேயவே பல ஏக்கர் புல் வேண்டும். ஆற்றோரத் துண்டைப் பிடித்தவர் கையில் தண்ணீர். தண்ணீர் இல்லாத பின்பக்க மேய்ச்சல் நிலம் வேறு யாருக்கும் உதவாது, அதுவும் அவர் வசமாகிவிடும்.

மேற்குப் பகுதியை ஆராய்ந்த நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் இதை 1878-லேயே எழுதிவிட்டார். வறண்ட பகுதியில் ஒரு பண்ணைக்கு 2,560 ஏக்கர் கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் தண்ணீரைத் தொடும் ஒரு பக்கம் இருக்கட்டும், எல்லையை நிலத்தின் போக்கைப் பார்த்து வகுங்கள் என்றார். நாடாளுமன்றம் ஏற்கவில்லை. 1892-ல் இதே ஆற்றின் கரையில், இன்றைய கேசி ஊர் அருகே, பெரிய பண்ணைக்காரர்கள் கூலிப்படையோடு வந்து ஒரு சிறு பண்ணையை முற்றுகையிட்டு இரண்டு பேரைக் கொன்றார்கள். மாட்டுத் திருட்டு என்று காரணம் சொன்னார்கள்; அடியில் இருந்தது மேய்ச்சல் நில உரிமை. அப்புறம் 1916-ல்தான் மேய்ச்சல் நிலத்துக்கு 640 ஏக்கர் என்று சட்டம் போட்டார்கள். பவல் கேட்டதில் கால் பங்கு!

நாடு முழுவதற்குமான இந்த வரைபடப் பணிக்கு 1884-ல் நாடாளுமன்ற ஒப்புதல் வாங்கியவரும், அப்போது அந்தத் துறையின் இயக்குநராக இருந்த பவல்தான். நிலத்தைப் பார்த்துவிட்டுப் பங்கு போடுங்கள் என்று மன்றாடிய மனிதர் அவர். பங்கு போட்டுக்கொண்டிருந்தபோதுதான் வரைபடமே வரத் தொடங்கியது. அந்தப் பழைய தாள்களை எல்லாம் அத்துறை இப்போது இணையத்தில் இலவசமாகவே கொடுக்கிறது. கேசி (Kaycee) என்று தேடி, நீலத்தையும் சிவப்பையும் சேர்த்துப் பாருங்கள். வணக்கம்.