கீமோவுக்கு முன்னால் எடுத்த துணுக்கு

நேயர்களுக்கு வணக்கம். மார்பகத்தில் புற்றுநோய் என்று தெரிந்ததும் "உடனே ஆபரேஷன் பண்ணி எடுத்துடுங்க" என்பதுதான் பல வீடுகளில் முதல் பேச்சு. சில வகைக் கட்டிகளுக்கு அப்படிச் செய்வதில்லை. முதலில் சில மாதம் கீமோ, அப்புறம்தான் அறுவை. கட்டி சுருங்கும், மருந்து கேட்கிறதா என்பதும் தெரிந்துவிடும். அறுவையில் எடுத்த திசுவிலும் அக்குள் நெறிக்கட்டிகளிலும் பரவும் தன்மையுள்ள புற்றணு ஒன்றுகூட இல்லையென்றால், அதை முழுப் பலன் என்கிறோம்.

யாருக்கு அந்த வாய்ப்பு அதிகம்? கீமோவுக்கு முன்னால் ஊசியால் கட்டியின் துணுக்கை எடுத்துப் பார்க்கும் முதல் பயாப்ஸியிலேயே ஒரு தடயம் இருக்கிறது. கட்டிக்குள் புகுந்திருக்கும் லிம்போசைட்டுகள், அதாவது நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள். இதற்குத் தனிப் பரிசோதனைச் செலவு கிடையாது. எல்லா பயாப்ஸிக்கும் போடுகிற ஊதா, இளஞ்சிவப்புச் சாய ஸ்லைடே போதும்.

எப்படிக் கணக்கிடுகிறோம்? புற்றணுக்கள் கொத்துக் கொத்தாக இருக்கும், வீடுகள் மாதிரி. நடுவில் இருக்கும் நார்த்திசு, தெரு மாதிரி. அந்தத் தெருவின் பரப்பில் எத்தனை சதவீதத்தை இந்த வெள்ளணுக் கூட்டம் அடைத்திருக்கிறது என்பதுதான் கணக்கு. 2014-ல் பன்னாட்டு நிபுணர் குழு வகுத்த முறை இது. லிம்போசைட்டும் அதிலிருந்து உருவாகும் பிளாஸ்மா அணுவும் சேரும், நியூட்ரோபில் என்ற வேறு வகை வெள்ளணு சேராது. அழுகிச் செத்த பகுதியையும் கட்டியின் எல்லைக்கு வெளியே இருப்பதையும் விட்டுவிட வேண்டும். கூட்டம் நெரிகிற ஒரு மூலையை மட்டும் பார்த்து எண் போடக் கூடாது. முழுத் துணுக்கின் சராசரிதான் எண்.

ஆனால் துணுக்கு கெட்டுப்போனால் எந்தக் கணக்கும் நிற்காது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. லிம்போசைட் மெல்லிய அணு. இடுக்கியால் அழுத்திப் பிடித்தால் நசுங்கி, இழுபட்ட கருங்கோடாகிவிடும். அது லிம்போசைட்டா, நசுங்கிய புற்றணுவா என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. துணுக்கைக் காய்ந்த பஞ்சுத் துணியில் வைத்துவிட்டு திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் பாட்டிலைத் தேடினால் ஓரங்கள் உலர்ந்துபோகும். பாட்டில் முதலில், ஊசி பிறகு. 10 சதவீத நடுநிலை ஃபார்மலின், திசுவின் அளவைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேற்படாமல் ஊற வேண்டும். சிலர் எஃப்.என்.ஏ.சி. என்ற மெல்லிய ஊசிப் பரிசோதனை எடுத்ததே போதாதா என்று கேட்பார்கள். போதாது. அந்த மெல்லிய ஊசியில் உதிரி அணுக்கள்தான் வரும். தெருவே வராதபோது கூட்டத்தை எங்கே அளப்பது?

இந்த எண் என்ன சொல்கிறது? ஜெர்மனியில் அறுவைக்கு முன் கீமோ பெற்ற 3,771 பெண்களின் ஸ்லைடுகளை ஆராய்ந்து 2018-ல் முடிவு வெளியிட்டார்கள். ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 என்ற புரத மிகுதியும் இல்லாத டிரிப்பிள் நெகட்டிவ் வகையில், லிம்போசைட் 10 சதவீதம் வரை இருந்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு முழுப் பலன். 60 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தவர்களில் 50 சதவீதம் பேருக்கு. ஹெர்-2 மிகுந்த வகையில் அதுவே 32, 48 சதவீதம். கவனியுங்கள்: எண் குறைவாக இருந்தவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நோய் முழுதாக மறைந்திருக்கிறது. ஆகவே எண் குறைவு என்பதற்காக யாருக்கும் கீமோவை மறுக்கக் கூடாது. ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத வகையில் கதையே வேறு. அங்கே லிம்போசைட் கூடினால் கீமோ நன்றாகக் கேட்கும். ஆயுள் கணக்கில் அது நன்மையாகத் தெரியவில்லை. கட்டியின் வகையைச் சொல்லாமல் இந்த எண்ணை மட்டும் சொல்வதில் பொருளில்லை.

வீட்டார் கவனிக்க வேண்டியவை இரண்டு. கீமோவுக்கு முன்னால் கட்டி இருந்த இடத்தில் சிறிய உலோக கிளிப் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கட்டி மறைந்தால் அறுவை மருத்துவருக்கு இடம் காட்டுவது அதுதான். இன்னொன்று, மருத்துவமனை மாறும்போது ரிப்போர்ட்டோடு, துணுக்கைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். கீமோ தொடங்கிய பிறகு, பழைய கட்டியைக் காட்ட அந்த பிளாக்கை விட்டால் வேறு கிடையாது.

நேரம் நெருங்கிவிட்டது; உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி பற்றிச் சுருக்கமாக. டிரிப்பிள் நெகட்டிவ் கட்டிக்கு, அறுவைக்கு முன் கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற அவ்வகை மருந்தைச் சேர்த்தபோது முழுப் பலன் 51.2 சதவீதத்திலிருந்து 64.8 ஆக உயர்ந்ததை 2020-ல் கீநோட்-522 ஆய்வு காட்டியது. இந்த மருந்து தைராய்டையும் அட்ரீனல் சுரப்பியையும் தாக்கலாம். ஊசி நின்று பல மாதம் கழித்து அசதியோ தலைசுற்றலோ வந்தாலும், பார்க்கும் மருத்துவரிடம் இந்த மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். வணக்கம்.